கணனியைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? குடும்பப் படங்கள் கவனம்!



உங்கள் வீட்டுக் கணனியில் குடும்பப் படங்கள் எத்தனை இருக்கும்? எண்ணிப் பார்த்திருக்க மாட்டீர்கள். மூத்த மகளின் நிகாஹ், வாப்பா ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அன்று வாசலில் எடுத்த படம், பெருநாள் உடுப்போடு பிள்ளைகள் வரிசையாக நின்ற படம் என்று ஆயிரக்கணக்கில் இருக்கும். படம் எடுப்பது யாராக இருந்தாலும், எடுத்ததை ஒழுங்குபடுத்தி, இருட்டாக விழுந்ததை வெளிச்சமாக்கி, "இது யாரு உம்மா?" என்று பிள்ளை கேட்டால் பெயர் சொல்வது பெரும்பாலான வீடுகளில் நீங்கள்தான்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் வழங்கி வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பாவனையாளர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஆகவே வீட்டுக்கு வீடு கணனியை விண்டோஸ் 11க்கு மாற்றும் வேலை நடக்கிறது. மாற்றிய மறுநாள்தான் பலருக்கும் திடுக்கிடும். படங்களைத் திருத்தப் பழகியிருந்த மென்பொருள் திறக்காது. திறந்தாலும் முன்பு செய்த வேலை எதுவும் அதில் இருக்காது.

இது ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளக் கணனிப் படிப்பு தேவையில்லை. உங்கள் பழைய இஸ்திரிப் பெட்டிக்கு உருண்டை முள் பிளக் இருக்கிறது. வீட்டுக்குப் புதிதாக வயரிங் செய்து சதுர முள் சொக்கட் பூட்டிவிட்டார்கள். இப்போது இஸ்திரிப் பெட்டி வேலை செய்யாது. பெட்டியிலும் பழுதில்லை, மின்சாரத்திலும் பழுதில்லை. இரண்டும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். விண்டோஸ் என்பது வயரிங். படம் திருத்தும் மென்பொருள் இஸ்திரிப் பெட்டி. ஆனால் இஸ்திரிப் பெட்டி போனால் இன்னொன்று வாங்கலாம். படங்களின் விடயம் அப்படியல்ல என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

பிஸ்கட் டின்னில் இருந்த படங்கள்

எங்கள் உம்மாவின் அலுமாரியில் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தன. உம்மாவின் பிள்ளைப் பராயம், வாப்பாவின் கடைவாசல், உம்மும்மாவோடு வரிசையாக நிற்கும் பெண்கள், இன்று எந்த ஊரில் இருக்கிறார்கள் என்றே தெரியாத உறவினர்கள். 2019ஆம் ஆண்டு ரமழானில் என் தம்பி தராவீஹ் முடிந்து வந்து ஒவ்வோர் இரவும் அவற்றை ஸ்கேன் செய்தான். பிகாசா என்ற மென்பொருளில் போட்டுக் கோணலானவற்றை நேராக்கினான், பூஞ்சணம் பிடித்த ஓரங்களை வெட்டினான், மங்கியவற்றுக்கு வெளிச்சம் கொடுத்தான்.

அதைவிடப் பெரிய வேலை ஒன்றையும் செய்தான். பிகாசாவில் ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் எழுதி வைக்கும் வசதி உண்டு. உம்மாவைப் பக்கத்தில் இருத்தி, "இது யாரு? இது யாரு?" என்று கேட்டுக் கேட்டு எழுதினான். "இது உங்கட வாப்பாட பெரியம்மா மகள், காலிக்குக் கட்டிக் குடுத்த" என்று உம்மா சொல்லச் சொல்ல அந்த முகத்துக்குக் கீழே பெயர் ஏறும். நோன்பு முடிந்து சில மாதங்களில் தம்பி தொழிலுக்காகக் கட்டார் போய்விட்டான்.

உம்மாவுக்கு இப்போது மறதி. சில நாட்களில் என்னையே தன் தங்கை என்று நினைத்துக் கூப்பிடுகிறார்.

2025ஆம் ஆண்டு கணனி மிகவும் தாமதமாக ஓடுகிறது என்று, ஹார்ட் டிஸ்க்கை மாற்றி விண்டோஸ் 11 போடுவதற்காக ஒரு கடையில் கொடுத்தோம். கொடுக்கும் முன் நானே படங்களைப் பென் டிரைவில் கொப்பி பண்ணினேன். ஃபோல்டரைத் திறந்து, கண்ணுக்குத் தெரிந்த எல்லாப் படங்களையும் தெரிவு செய்து கொப்பி பண்ணினேன். கவனமாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன். கணனி திரும்பி வந்ததும் பென் டிரைவில் இருந்ததை அதில் போட்டுப் பார்த்தால், கோணல் படங்கள் மறுபடியும் கோணலாகவே இருந்தன. வெட்டிய பூஞ்சண ஓரங்கள் திரும்பி வந்திருந்தன. தம்பி அனுப்பித் தந்த பிகாசாவைப் போட்டுப் பார்த்தும் முகங்களுக்குக் கீழே ஒரு பெயர்கூட இல்லை. கடைக்குப் போய்ச் சொன்னேன். "உங்கட படமெல்லாம் இருக்குத்தானே மிஸ்?" என்று கேட்டார் அந்தப் பிள்ளை. அவர் சொன்னது பொய்யல்ல. படமெல்லாம் இருந்தது.

சோக்கால் இட்ட அடையாளம்

தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இது உடனே விளங்கும். துணியை வெட்டுமுன் சோக்கால் அடையாளம் இடுவோம் அல்லவா? பிகாசா செய்வதும் அதுதான். நீங்கள் நேராக்கினாலும், வெட்டினாலும், நிறம் மாற்றினாலும் அசல் படத்தை அது தொடுவதில்லை. "இந்தப் படத்தை இவ்வளவு சரித்துக் காட்டு, இந்த ஓரத்தை மறைத்துக் காட்டு, இந்த முகம் இன்னாருடையது" என்று அதே ஃபோல்டரில் ஒரு சிறிய ஃபைலில் குறித்துக்கொள்கிறது. ".பிகாசா.ஐஎன்ஐ" என்று அதற்குப் பெயர். அது மறைந்திருக்கும் ஃபைல். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. தெரிந்த படங்களை மட்டும் தெரிவு செய்து கொப்பி பண்ணினால் அது பின்னால் வராது. ஃபோல்டரை முழுதாக, வெளியிலிருந்து அப்படியே கொப்பி பண்ணினால் அதுவும் சேர்ந்து வரும். எனக்குத் தெரியாமல் போனது இந்த ஒரு விடயந்தான்.

பிகாசாவில் 'சேவ்' என்ற பொத்தானை அழுத்தியிருந்தால் வெட்டியதும் நிறம் மாற்றியதும் படத்திலேயே பதிந்திருக்கும். அசல் படத்தை அதே ஃபோல்டருக்குள் இன்னொரு மறைவான ஃபோல்டரில் அது பத்திரப்படுத்தும். 'எக்ஸ்போர்ட்' செய்தால் திருத்திய படம் வேறொரு ஃபோல்டரில் தனிக் கொப்பியாகக் கிடைக்கும். முகப் பெயர்களைப் படத்துக்குள்ளேயே எழுதும்படி சொல்வதற்கும் கடைசிப் பதிப்பான 3.9இல் ஒரு தெரிவு இருக்கிறது. யார் அதைத் தேடிப் போய் அழுத்துகிறார்கள்? திரையில் அழகாகத் தெரிகிறதே, வேலை முடிந்தது என்றுதான் நினைப்போம்.

பிகாசாவைக் கூகுள் நிறுவனம் 2004இல் வாங்கி இலவசமாகக் கொடுத்து வந்தது. 2016 மார்ச் 15உடன் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. பழைய கொப்பியை வைத்திருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் விண்டோஸ் 11இலும் ஓடுகிறது. ஓடாமல் போகும் நாளில் திருத்துவதற்கு ஆளில்லை. இதைப் பாவிப்பவர்கள் இருந்தால், இன்றே திருத்திய படங்களை எல்லாம் 'எக்ஸ்போர்ட்' செய்துவிடுங்கள்.

பிகாசா மட்டும் இப்படியில்லை. அடோபியின் லைட்ரூமும் செய்த திருத்தங்களைத் தன் பட்டியல் ஃபைலில்தான் வைத்துக்கொள்கிறது. அப்பிள் கணனிகளில் அப்பர்ச்சர் என்று ஒரு நல்ல மென்பொருள் இருந்தது. காசு கொடுத்து வாங்கி வருடக்கணக்கில் அதிலேயே படங்களை அடுக்கியவர்கள் ஏராளம். 2014இல் அதை மேற்கொண்டு வளர்ப்பதில்லை என்று அப்பிள் அறிவித்தது. 2019 அக்டோபரில் 'கட்டலீனா' என்ற புதிய பதிப்பு வந்தபோது அதில் அப்பர்ச்சர் ஓடவே இல்லை. முன்கூட்டியே மாற்றிக்கொள்ளாதவர்கள் பழைய கணனியைத் தேடி அலைந்தார்கள்.

எது ஓடும், எது ஓடாது?

இதற்கு ஒரு சுருக்கமான கணக்கு இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த விண்டோஸ் மென்பொருள்கள் 16 பிட் வகை. அதற்குப் பின் வந்தவை 32 பிட். இன்றுள்ளவை 64 பிட். விண்டோஸ் 11 என்பது 64 பிட்டாக மட்டுமே வருகிறது. அதில் 16 பிட் ஓடாது, 32 பிட் ஓடும். தொண்ணூறுகளின் கடைசியில் வந்த சில சீடிகளில் மென்பொருள் 32 பிட்டாக இருந்தாலும் அதைக் கணனியில் ஏற்றும் பகுதி 16 பிட்டாக இருக்கும். அதனால்தான் ஏற்கனவே ஏற்றியிருந்தபோது ஓடியது, புதிதாக ஏற்றப் போனால் மறுக்கிறது. அப்பிள் விடயத்தில் கணக்கு இன்னும் கடுமை. 2019இன் கட்டலீனாவோடு 32 பிட் மென்பொருள் அனைத்தையும் நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே 2002இல் வந்த போட்டோஷொப் 7 விண்டோஸ் 11 உள்ள பல கணனிகளில் இன்றும் ஓடுவதைக் கண்டு ஆச்சரியப்படாதீர்கள். தடை வருவது வேறு இடத்தில். 2003இல் வந்த சிஎஸ் பதிப்பிலிருந்து, மென்பொருளை ஏற்றும்போது இணையத்தின் ஊடாக அடோபியிடம் அனுமதி பெறவேண்டும். சிஎஸ்2க்கு அனுமதி வழங்கிய சேவையை அடோபி பின்னர் மூடிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய சீடி கையில் இருந்தாலும் புதிதாக ஏற்றுவது சிரமம். 2012இன் சிஎஸ்6 தான் ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய கடைசிப் பதிப்பு. 2013க்குப் பின் மாதச் சந்தா முறை. வீட்டுப் படங்களைத் திருத்த மாதாமாதம் டொலரில் கட்டுவதா என்று நீங்கள் கேட்டால், எனக்கும் அதே எண்ணந்தான்.

அப்படிப்பட்டவர்களுக்கு ஜிம்ப் என்ற மென்பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் பேர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் 1995இல் தொடங்கியது. முற்றிலும் இலவசம். போட்டோஷொப்பின் பிஎஸ்டி ஃபைல்களையும் பெரும்பாலும் திறக்கும். பழகுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கடையில் சில நூறு ரூபாய்க்கு எரித்துத் தரும் கொப்பி சீடியைவிட இது நல்லது. அடுத்தவரின் உழைப்பு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். திருட்டு மென்பொருளோடு வரும் பூட்டு உடைக்கும் ஃபைல்களை விண்டோஸின் பாதுகாப்புப் பகுதி கண்டுபிடித்துத் தடுத்துவிடுகிறது. பல வீடுகளில் "புது விண்டோஸ் போட்டதும் போட்டோஷொப் போய்விட்டது" என்பதன் உண்மைக் காரணம் இதுதான்.

ஸ்கேனரை மறந்துவிடாதீர்கள். பழைய ஸ்கேனர்கள் சிலவற்றுக்கு 64 பிட் விண்டோஸுக்கான டிரைவரை உற்பத்தியாளர் கொடுக்கவே இல்லை. இயந்திரம் நன்றாக இருக்கும், கணனி அதை அடையாளம் காணாது. தூக்கி எறியும் முன் வியூஸ்கேன் என்ற மென்பொருளை முயன்று பாருங்கள். பழைய ஸ்கேனர்களை உயிர்ப்பிப்பதற்கென்றே அது பேர்பெற்றது. எதுவாக இருந்தாலும், அலுமாரியில் ஸ்கேன் பண்ண மிச்சமிருக்கும் படங்களைக் கணனியை மாற்றுவதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

பிஸ்மில்லாஹ் உடைந்த கலியாணக் கார்ட்

வீட்டிலிருந்தே கலியாணக் கார்ட்டும் அல்பமும் செய்து கொடுத்துச் சிறு வருமானம் தேடும் சகோதரிகள் நம்மிடையே பலர். அவர்களுக்கு இது முக்கியம். நமது நாட்டில் பல வருடங்களாகத் தமிழுக்குப் பாவித்து வந்தது பாமினி எழுத்துரு. அது யுனிகோட் முறைக்கு முந்தியது. ஆங்கில எழுத்துக்கான இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கும். அந்த எழுத்துரு கணனியில் இல்லாவிட்டால் மணமகனின் பெயர் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக மாறிவிடும். கணனியை ஃபோர்மட் பண்ணும்போது எழுத்துரு ஃபோல்டரும் சேர்ந்தே அழிகிறது.

போட்டோஷொப்பில் பழைய கார்ட் ஒன்றைத் திறக்கும்போது எழுத்துரு இல்லை என்று எச்சரிக்கை வந்தால் பதறவேண்டாம். எழுத்தைத் தொடாதவரை பழைய தோற்றம் அப்படியே இருக்கும். தொட்டு மாற்றப் போனால்தான் குழம்பும். மூடிவிட்டு, முதலில் பாமினியை ஏற்றி, பிறகு திறவுங்கள்.

அரபு எழுத்தில் வேறு சிக்கல். பழைய போட்டோஷொப்பில் அரபுக்கென மத்திய கிழக்குப் பதிப்பு தனியாக இருந்தது. சாதாரணப் பதிப்பில் பிஸ்மில்லாஹ்வைத் தட்டச்சு செய்தால் எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் பிரிந்து, இடமிருந்து வலமாகத் தலைகீழாக நிற்கும். புதிய பதிப்புகளில் எழுத்து அமைப்புப் பகுதியில் 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' என்ற தெரிவு இருக்கிறது. அதை இயக்கினால் அரபும் சரியாக வரும், யுனிகோட் தமிழில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறாமல் நிற்கும். இதை அறியாமல் பிழையான பிஸ்மில்லாஹ்வோடு அச்சுக்குப் போன கார்ட் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன்.

செய்து முடித்த வேலையை பிஎஸ்டி ஆக மட்டும் வைத்திராமல் டிஃப் வடிவிலும் ஒரு கொப்பி சேமியுங்கள். டிஃப் வடிவத்தை அநேகமாக எந்த மென்பொருளும் திறக்கும். ஜேபெக் போலத் திரும்பத் திரும்பச் சேமிக்கும்போது தரம் குறைவதுமில்லை. பிஎஸ்டி சேமிக்கும்போது 'மெக்ஸிமைஸ் கொம்பட்டிபிலிட்டி' என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். அப்போது முழுப் படத்தின் தட்டையான கொப்பி ஒன்றும் உள்ளே சேரும். மற்ற மென்பொருள்கள் குறைந்தது அதையாவது காட்டும்.

கடைக்குக் கொடுக்கும் முன்

கடைக்காரரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: இருப்பதன் மேல் புதுப்பிக்கிறாரா, அல்லது ஃபோர்மட் பண்ணிப் புதிதாகப் போடுகிறாரா? இருப்பதன் மேல் புதுப்பித்தால் படங்களும் மென்பொருள்களும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பிடிக்காவிட்டால் 10 நாட்களுக்குள் பழைய விண்டோஸுக்குத் திரும்பவும் முடியும். அந்த 10 நாட்களுக்குள் உங்கள் படம் திருத்தும் மென்பொருள், ஸ்கேனர், எழுத்துரு எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். பெருநாள் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று விடாதீர்கள். ஃபோர்மட் என்றால் அந்தத் திரும்பும் வழி இல்லை. பெரும்பாலான கடைகளில் ஃபோர்மட்தான், ஏனென்றால் அவர்களுக்கு அது இலகு.

மென்பொருள் திறக்க மறுத்தால், அதன் சின்னத்தின் மேல் வலது கிளிக் செய்து 'ப்ரொப்பர்டீஸ்' போய், 'கொம்பட்டிபிலிட்டி' என்ற பகுதியில் விண்டோஸ் 7 போன்ற பழைய பதிப்பொன்றைத் தெரிவு செய்து பாருங்கள். சில வேளை அதுவே போதும்.

இன்னொன்று. நம் வீட்டுப் படங்களில் பெண்கள் தலை மூடாமல் இருக்கும் படங்களும் இருக்கும், பெண்கள் பகுதியில் மட்டும் எடுத்த கலியாணப் படங்களும் இருக்கும். கணனியைக் கடையில் கொடுக்கும்போது அவையும் சேர்ந்தே போகின்றன. அழித்துவிட்டுக் கொடுத்தால் போதும் என்று நினைக்கவேண்டாம். அழித்த படங்களை மீட்டெடுக்கும் மென்பொருள் எந்தக் கடையிலும் இருக்கும். முடியுமானால் வேலையை வீட்டிலேயே, உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க்கை மாற்றினால் பழையதை எப்படியும் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். "அது இனி உதவாது" என்று சொல்வார்கள். வாங்கிக்கொண்டு வாருங்கள்.

எங்களைக் காப்பாற்றியதும் அந்தப் பழைய டிஸ்க்தான். பொலித்தீன் பையில் போட்டு அவர்கள் தந்ததை மேசை இலாச்சியில் போட்டு மறந்திருந்தேன். தம்பி விடுமுறையில் வந்தபோது யூஎஸ்பி வயர் ஒன்று வாங்கி அதை இணைத்தான். மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி வைத்ததும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் அந்தச் சிறிய ஃபைல் இருந்தது. ஃபோல்டர்களை முழுதாகக் கொப்பி பண்ணிப் பிகாசாவைத் திறந்தான். அல்ஹம்துலில்லாஹ், படங்கள் நேரே நிமிர்ந்தன. கொஞ்ச நேரத்தில் முகங்களுக்குக் கீழே பெயர்களும் ஏறத் தொடங்கின.

அன்றிரவே எல்லாவற்றையும் 'எக்ஸ்போர்ட்' செய்து இரண்டு டிஸ்க்குகளில் போட்டோம். ஒன்று தாத்தா வீட்டில் இருக்கிறது. அத்தோடு நான் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, படத்துக்கு ஓர் இலக்கம் போட்டு, இடமிருந்து வலமாக யார் யார் என்று கையால் எழுதி வருகிறேன். இதுவரை 140 படம் முடிந்திருக்கிறது. உம்மும்மாவோடு நிற்கும் பெண்களில் இருவருக்கு மட்டும் அந்த ரமழானிலும் பெயர் எழுதியிருக்கவில்லை. உம்மாவிடம் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்ல பிள்ளைகள்" என்றார்.